பால் கொடுக்கும் தாய் ஆன்டிபயாடிக் க்ரீம் போடலாமா? போட்டால் எப்படிப் போடுவது?

தஞ்சாவூரில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கவுன்ட்டரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "இந்த க்ரீம் போட்டுக்கிட்டா பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?" என்பது. கேட்பது பெரும்பாலும் தாயாக இருக்காது. அவள் பச்சை உடம்போடு வீட்டில் இருப்பாள். புருஷன் வருவார், இல்லையென்றால் அவளுடைய அம்மாவோ மாமியாரோ சீட்டை நீட்டுவார்கள். சிலர் கூடவே ஒரு பால்பவுடர் டின்னும் கேட்பார்கள். மருந்து போடுகிற நாள்வரை தாய்ப்பாலை நிறுத்திவிடலாம் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வந்திருப்பார்கள்.

அந்த டின் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தோலில் பூசும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவற்றைப் பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் பூசிக்கொள்ளலாம். பாலை நிறுத்தினால்தான் சிக்கல். இரண்டு மூன்று நாள் பிள்ளை குடிக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பு குறையும், புட்டிக்குப் பழகிய பிள்ளை மறுபடி மார்புக்கு வர அடம்பிடிக்கும்.

அதற்காக, "ஒன்றும் ஆகாது, போங்கள்" என்று அனுப்பிவிடவும் முடியாது. எந்த இடத்தில் பூசப்போகிறாள், ட்யூபில் ஆன்டிபயாடிக்கோடு வேறு என்ன கலந்திருக்கிறது, பிள்ளை பிறந்து எத்தனை நாள் ஆகிறது, இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மருந்தை எடுத்துக் கொடுப்பேன். பால் வழியாகப் போகும் மருந்தைவிட, பிள்ளை நேராக நக்கி விழுங்கும் மருந்துதான் எனக்குப் பெரிய கவலை.

பாலுக்குள் எவ்வளவு போகும்?

பயம் தெளிய ஒரு சின்னக் கணக்கு போதும். சீழ்க்கொப்புளத்துக்கும் சின்னப் புண்ணுக்கும் டாக்டர்கள் அதிகம் எழுதும் முப்பிரோசினை எடுத்துக்கொள்வோம். டி-பேக்ட் என்ற பெயரில் பலர் கேட்டு வாங்குவது அதுதான். அது 2 சதவீத மருந்து, அதாவது ஒரு கிராம் களிம்பில் 20 மில்லிகிராம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அதில் இருப்பது 10 மி.கி. தோல் வழியாக உடம்புக்குள் இறங்குவது இதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. 0.1 மி.கி.கூட இல்லை என்று ஆகிறது. அதுவும் ரத்தத்தில் கலந்ததும் வேகமாகச் சிதைந்து, வேலை செய்யாத பொருளாக மாறிவிடும். முப்பிரோசின் மாத்திரையாகவோ ஊசியாகவோ வராததற்குக் காரணமே இதுதான். எஞ்சியது தாயின் உடம்பு முழுக்கப் பரவி, அதில் ஏதோ கொஞ்சம் பாலுக்குப் போனால் உண்டு.

இதை ஒரு மாத்திரையோடு வைத்துப் பாருங்கள். தொற்றுக்கு டாக்டர் எழுதும் அமாக்சிசிலின் ஒன்றில் 500 மி.கி. இருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று. அதைச் சாப்பிட்டுக்கொண்டே தாய்மார்கள் பால் கொடுக்கிறார்கள், குழந்தை டாக்டர்களும் கொடுக்கத்தான் சொல்கிறார்கள். தாய் எடுக்கும் மருந்தை அவள் எடைக்கும், பிள்ளைக்குப் போவதைப் பிள்ளையின் எடைக்கும் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். பிள்ளைக்குப் போவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான மருந்துகளை ஏற்கலாம் என்பது வழக்கம். சின்ன இடத்தில் பூசும் களிம்பு அந்த எல்லைக்குக் கிட்டேகூட வராது.

இந்தக் கணக்கு மாறும் சந்தர்ப்பங்களும் உண்டு. தோல் உரிந்த பெரிய புண், தீக்காயம், பூசிய இடத்தைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடுவது, வாரக்கணக்கில் விடாமல் பூசுவது. தோல் என்கிற வேலி இல்லாத இடத்தில் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். அப்படிப்பட்ட புண் இருந்தால் கடைக்காரரிடம் கேட்டு முடிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கை, கால், முகம், தையல்

இங்கே விஷயம் எளிது. பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தபின் பூசுங்கள், மெல்லியதாகப் பூசுங்கள், பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து இருக்கும் இடம் பிள்ளையின் வாயிலோ கன்னத்திலோ கையிலோ படுமா என்று மட்டும் யோசியுங்கள். கெண்டைக்காலில் கொப்புளம் என்றால் யோசிக்கவே வேண்டாம். கழுத்து, தோள்பட்டை, முழங்கையின் உள்பக்கம், நெஞ்சுக்கு மேல் என்றால் அங்கேதான் பிள்ளை தலைவைத்துக் கிடக்கும். அந்த இடங்களில் பூசினால் சுத்தமான காஸ் துணியால் மூடிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள். விரலில் புண் என்றால் கட்டு போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நான்கைந்து மாதப் பிள்ளை கையில் கிடைக்கும் விரலை வாய்க்குள் இழுக்கும்.

சிசேரியன் தையலுக்கு எல்லோரும் ஏதாவது பூசியே தீர வேண்டும் என்று நினைக்கிறார்கள். நன்றாக ஆறிவரும் தையலுக்குச் சுத்தமும் ஈரமில்லாமல் வைப்பதுமே போதும். பூசச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தால் எழுதிய நாள்வரை மட்டும் பூசுங்கள். கீழ்த்தையலுக்கும் அதேதான். தையலில் சிவப்பு பரவினால், சீழ் வடிந்தால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால் களிம்பை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

முலைக்காம்பில் பூசும்போது

இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். காம்பில் பூசிய எதுவும் பாலோடு சேர்ந்து நேரே அதன் வயிற்றுக்குப் போகும். மேலே போட்ட கணக்கு இங்கே செல்லாது.

முதலில், பூச வேண்டுமா என்பதைப் பாருங்கள். காம்பு வலிக்கிறது, லேசாக வெடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். முதல் பிரசவமாக இருந்தால் ஆரம்ப நாட்களில் இந்த வலி பலருக்கும் வரும். பெரும்பாலும் காரணம், பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகும்படி, முக்கியமாகக் கீழ்ப்பக்கம் நன்றாக உள்ளே போகும்படி கவ்வ வேண்டும். பிள்ளையின் தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். பிடுங்கி எடுக்கக் கூடாது. சுண்டுவிரலை வாயோரம் விட்டு, பிடியைத் தளர்த்தி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி நர்சிடமோ உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஒரு தடவை நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டால், பலருக்கு ட்யூபே தேவைப்படாது.

கனடாவின் டொராண்டோவில் ஒரு ஆய்வு நடந்தது. முப்பிரோசின், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து மூன்றையும் கலந்த காம்புக் களிம்பையும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகான வெறும் லானோலினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. வலி குறைவதில் மூன்று மருந்துக் கலவை லானோலினைவிட மேலாக இல்லை. அதன்பின் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதுவும் பூசாமல் விடுவதும், சொந்தப் பாலையே நாலு சொட்டுப் பிழிந்து தடவிக் காயவிடுவதும் லானோலின் அளவுக்காவது பலன் தருகிறது என்று தெரிந்தது. அதனால் நான் காசு வாங்காமல் சொல்லும் முதல் வைத்தியம் அதுதான்: பால் கொடுத்து முடித்ததும் கொஞ்சம் பாலைப் பிழிந்து காம்பில் தடவி, காற்றாட விடுங்கள்.

வெடிப்பில் மஞ்சளாகப் பொருக்கு கட்டினால், சீழ் கசிந்தால், சரியாகக் கவ்வ வைத்தும் நாளுக்கு நாள் ஆழமானால், அது தொற்றாக இருக்கலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அங்கே எளிதாகக் குடியேறும். டாக்டர் பார்த்து முப்பிரோசினோ ஃபியூசிடிக் அமிலமோ எழுதினால் பயப்படாமல் பூசலாம். அப்போது செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ட்யூபில் க்ரீம் என்று போட்டிருக்கிறதா, ஆயின்ட்மென்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மருந்து இரண்டு விதமாகவும் வரும். ஆயின்ட்மென்ட் எண்ணெய்ப் பிசுக்காக, பளபளப்பாக இருக்கும். தண்ணீரில் போகாது. பலவற்றில் பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு இருக்கும். காம்பில் பூசினால் பிள்ளை அந்தப் பாரஃபினைத் திரும்பத் திரும்ப நக்கும். முப்பிரோசின் ஆயின்ட்மென்ட் சிலவற்றில் பாரஃபினுக்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைகால் இருக்கும். அதையும் பிள்ளை விழுங்க வேண்டியதில்லை. தண்ணீரில் கலந்து கழுவிப்போகும் க்ரீம்தான் காம்புக்கு ஏற்றது. டாக்டர் மருந்துப் பெயரை மட்டும் எழுதியிருந்தால், "காம்பில் பூச, க்ரீமாகக் கொடுங்கள்" என்று கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு "புண்ணுக்கு" என்று மட்டும் சொன்னால் நாங்கள் ஆயின்ட்மென்டை எடுத்துக் கொடுத்துவிடுவோம். எங்களுக்கு இது தினசரி வேலை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிள்ளை குடித்து முடித்து, அடுத்த பால் நேரத்துக்கு நல்ல இடைவெளி இருக்கும்போது பூசுங்கள். கையைக் கழுவிவிட்டு, பச்சைப்பயறு அளவு எடுத்து, வெடித்த இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். வெள்ளையாகப் படிந்து நிற்கும்படி அப்ப வேண்டாம். தோலில் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் போதும். அடுத்த தடவை பால் கொடுக்கும் முன், சுத்தமான துணியையோ பஞ்சையோ வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மேலே மிஞ்சியதை மெதுவாக ஒற்றி எடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், ஆறிவரும் தோல் மறுபடி பிய்ந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று எழுதியிருந்தால், பிள்ளை நீண்ட நேரம் தூங்கும் வேளைகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பிள்ளை பக்கத்திலேயே படுத்துக் குடிக்கும் வழக்கம் இருந்தால் இரவு வேளையைத் தவிர்த்துவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் துடைக்க மறந்துபோகும்.

ஒரு மார்பில் மட்டும் புண் என்றால் நல்ல பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பசி வேகத்தில் இழுக்கும் இழுப்பு அங்கே கழிந்துவிடும். புண்ணான பக்கம் கவ்வவே முடியாத வலி என்றால், ஆறும்வரை அந்தப் பாலைக் கையால் பிழிந்து பாலாடையில் கொடுக்கலாம். கொட்ட வேண்டிய பால் அல்ல அது.

மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் குறைய ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப டாக்டரிடம் போங்கள். பத்து நாளைத் தாண்டி நீங்களாக நீட்டிக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் வெண்ணெய், நெய், விளக்கெண்ணெய் தடவச் சொல்வார்கள். பாசத்தோடு சொல்வதுதான், ஆனால் தொற்று வந்த புண்ணில் அவை எதுவும் கிருமியைக் கொல்லாது. தேன் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் வயிற்றுக்குத் தேன் போனால் போட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். இதை மாமியாருக்கும் சொல்லிவிடுங்கள், சேனை வைப்பதற்கும் இதே பதில்தான்.

பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

ஒரு நாள் மாலை ஓர் இளைஞர் செல்போனில் ஒரு ட்யூபின் போட்டோவைக் காட்டினார். "அக்கா, இது ஒண்ணு கொடுங்க. வீட்டுல பிள்ளைக்குப் பால் கொடுக்கறதுல வெடிப்பு. எனக்குப் படர்தாமரைக்கு இதுதான் உடனே கேட்டுச்சு." போட்டோவைப் பெரிதாக்கி, பெயருக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை அவருக்குக் காட்டினேன். முதல் வரியில் குளோபெட்டசால். அடுத்தது நியோமைசின். அதற்கடுத்து மைக்கோனசால். "தம்பி, இதுல ஆன்டிபயாடிக் இருக்கறது ரெண்டாவது வரி. முதல் வரி ஸ்டீராய்டு. அதுவும் இருக்கறதுலயே வலுவான வகை. இதைப் பிள்ளை நக்கக் கூடாது" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லி அனுப்பினேன்.

இந்த மாதிரி மூன்று நான்கு மருந்து கலந்த ட்யூப் நம் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது. அரிப்பா, சொறியா, புண்ணா, எல்லாவற்றுக்கும் அதுதான். பூசிய அன்றே அரிப்பு அடங்குவதால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. அடக்குவது ஸ்டீராய்டு. கிருமியை அது கொல்வதில்லை, பூஞ்சையாக இருந்தால் இன்னும் வளரவிடும். காம்பில் வலுவான ஸ்டீராய்டு பூசிக்கொண்ட ஒரு தாயின் இரண்டு மாதக் குழந்தைக்கு முகம் ஊதி, ரத்த அழுத்தம் ஏறி, வளர்ச்சி தடைப்பட்டதாக மருத்துவப் பதிவே இருக்கிறது. பிள்ளைக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அதனால்தான் இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, ஆனாலும் சீட்டில்லாமல் கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நீங்கள் படிக்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் சேர்மானம். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு கலந்தது. டாக்டர் பார்த்து, இந்த இடத்துக்கு, இத்தனை நாளைக்கு என்று எழுதினால் ஒழிய காம்பில் வேண்டாம்.

எந்த மருந்து எப்படி

முப்பிரோசின், ஃபியூசிடிக் அமிலம் இரண்டும் எனக்கு நிம்மதியானவை. நியோஸ்போரின் என்று கேட்டு வாங்கும் பாசிட்ராசின், நியோமைசின், பாலிமிக்சின் கலவையும் சோஃப்ராமைசினில் இருக்கும் ஃபிராமைசெட்டினும் பால் விஷயத்தில் பயப்பட வேண்டாதவை. சின்னக் காயத்தில் பூசினால் உள்ளே போவது மிகக் குறைவு. ஆனால் இவை தோலில் ஒவ்வாமை கிளப்பும் பழக்கம் உள்ளவை. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2003-இல் பாசிட்ராசினையும் 2010-இல் நியோமைசினையும் அந்தந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசப் பூசச் சிவந்து அரித்தால், புண் ஆறவில்லை என்று இன்னும் அதிகமாகப் பூசாமல் நிறுத்துங்கள். நியோமைசின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஃபிராமைசெட்டினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பம்.

முகப்பருவுக்கு கிளிண்டாமைசின் ஜெல் போடுகிறவர்கள் தொடரலாம். இதே மருந்து மாத்திரையாகவோ ஊசியாகவோ தாய்க்குப் போகும்போது சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் என்பதால், ஜெல் போடும்போதும் பிள்ளையின் மலத்தை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். எரித்ரோமைசின் ஜெல், மெட்ரோனிடசோல் ஜெல் இவற்றுக்கும் பாலை நிறுத்த வேண்டாம். மங்குக்காக முகத்தில் போடும் ஹைட்ரோகுவினோன் க்ரீம் ஆன்டிபயாடிக் இல்லை என்றாலும் இங்கே சொல்லிவிடுகிறேன்: அது தோல் வழியாக நிறையவே உள்ளே போகும், பால் கொடுக்கும் காலத்தில் தள்ளிப்போடுங்கள்.

சில்வர் சல்ஃபாடயசின்தான் நான் கட்டாயம் பிள்ளையின் வயதைக் கேட்கும் மருந்து. குக்கர் ஆவி, வடித்த கஞ்சி கையில் பட்டுவிட்டது என்று ஓடிவந்து கேட்கும் வெள்ளை க்ரீம் அதுதான். அது சல்ஃபா வகை. பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை, குறைமாதப் பிள்ளை, மஞ்சள் காமாலை இருக்கிறது, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) இருக்கிறது என்றால் தாய்க்கு வேறு மருந்து கேளுங்கள். சல்ஃபா அந்தப் பிள்ளைகளின் காமாலையைக் கூட்டி மூளைவரை பாதிக்கக்கூடியது. மற்றப் பிள்ளைகளுக்கு, தாயின் கையில் சின்னத் தீக்காயம் என்றால் பிரச்சினை இல்லை. மார்பில் மட்டும் எந்த வயதிலும் பூச வேண்டாம்.

பெட்டாடின் என்று நாம் சொல்லும் போவிடோன் அயோடின் கிருமிநாசினி வகை. காயத்தை ஒரு தடவை துடைக்கப் பயன்படுத்தினால் ஒன்றுமில்லை. பெரிய திறந்த புண்ணிலோ பிறப்புறுப்பிலோ நாள்கணக்கில் போட்டால் அயோடின் உடம்புக்குள் போகும், தாய்ப்பாலில் சேரும், பிள்ளையின் தைராய்டைக் குழப்பும். பிறந்த சில வாரங்களில், அதிலும் குறைமாதப் பிள்ளை என்றால், தொடர்ந்து போடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். காம்பில் வேண்டவே வேண்டாம்.

கண் சொட்டு மருந்துகளில் மோக்சிஃப்ளாக்சசின், டோப்ராமைசின் போன்றவை சரி. ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்கு வழியே தொண்டைக்கு இறங்குவது குறையும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். குளோராம்பெனிக்கால் கண் மருந்தைப் பால் கொடுப்பவர்களுக்கு நான் விரும்புவதில்லை. கண் வழியாகப் போகும் அளவு சின்னதுதான். ஆனாலும் அந்த மருந்து நேரடியாகக் கொடுக்கப்பட்டபோது பச்சிளம் குழந்தைகளின் உயிரைப் பறித்த வரலாறு உண்டு, மாற்று மருந்துகள் நிறைய இருக்கும்போது அது எதற்கு? மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் சொட்டு அதைக் குணமாக்காது, கை கழுவுவதும் துண்டைத் தனியாக வைப்பதும்தான் பிள்ளையைக் காப்பாற்றும்.

வேறு மருந்து பற்றிச் சந்தேகம் என்றால், அமெரிக்க அரசு அமைப்பு இலவசமாகத் தரும் லாக்ட்மெட் என்ற தரவுத்தளத்தை நான் திறந்து பார்ப்பேன். கம்பெனிப் பெயரைப் போட்டால் சரியாக வராது, சேர்மானத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். ட்யூபோடு வரும் தாளில், "பால் கொடுக்கும்போது டாக்டரைக் கேட்கவும்" என்ற வரி ஏறக்குறைய எல்லா மருந்திலும் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பாலை நிறுத்திவிடாதீர்கள்.

க்ரீம் கேட்காத இடங்கள்

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, கல் மாதிரி கெட்டியாகி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது மார்பழற்சி. மேலே எந்தக் களிம்பைப் பூசினாலும் உள்ளே இருக்கும் அழற்சிக்குப் போய்ச் சேராது. டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுப்பார். பாலை நிறுத்த வேண்டாம், அந்தப் பக்கமும் வழக்கம்போலக் கொடுக்கலாம். கட்டியைப் பிசைந்து கரைக்கிறேன் என்று யாராவது உட்கார்ந்தால் தடுத்துவிடுங்கள். தாய்ப்பால் மருத்துவர்களின் அகாடமி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அழுத்தித் தேய்ப்பதைக் கூடாது என்கிறது, குளிர்ந்த ஒத்தடத்தைச் சொல்கிறது. வலிக்கு பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுப்பவர்கள் சாப்பிடக்கூடியவை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ, கட்டி நடுவில் மெத்தென்று ஆனாலோ தாமதிக்காதீர்கள். சீழ் சேர்ந்திருந்தால் அதை எடுத்தாக வேண்டும்.

இன்னொன்று பூஞ்சை. பால் கொடுத்து முடித்த பிறகும் காம்பு சுள்ளென்று எரிகிறது, இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது, பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தால் போகாத வெண்படலம் இருக்கிறது என்றால், ஆன்டிபயாடிக் க்ரீம் அதற்கு ஆகாது. தாய் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு இது வருவதும் உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பூஞ்சை மருந்து கொடுக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் இருவரும் மாறி மாறித் தொற்றவைத்துக்கொண்டே இருப்பார்கள். முன்பு இதற்குப் பூசிய ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்து வேண்டாம். புற்றுநோய் அபாயம் காரணமாக 2019-இல் கனடா அரசு அதைப் பற்றி எச்சரித்தது.

பிள்ளையிடம் என்ன பார்ப்பது

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மஞ்சளாக, இளகலாகப் போவது இயல்பு, அதைப் பார்த்து மருந்தின் வேலை என்று பதற வேண்டாம். வழக்கத்தைவிடத் தண்ணீராக, அடிக்கடி போனால், மலத்தில் ரத்தமோ நிறையச் சளியோ தெரிந்தால், வாயைச் சுற்றித் தடிப்பு வந்தால், வாயில் வெண்படலம் படிந்தால், தொடை இடுக்கில் புதிதாகச் சிவந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், என்ன பூசினீர்கள் என்பதை ட்யூபோடு எடுத்துப் போங்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, மிஞ்சிய ட்யூப். தாய்க்கு வாங்கியதில் பாதி மிச்சம் இருக்கும், பிள்ளையின் தொப்புளில் கொஞ்சம் ஈரம் தெரியும், உடனே அதை எடுத்துத் தடவிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் பவுடரைத் தொப்புளில் தூவுவதும் நடக்கிறது. தொப்புள்கொடியைக் காற்றாட, ஈரமில்லாமல் விட்டால் தானாகக் காய்ந்து விழும். சிவந்தாலோ நாற்றம் அடித்தாலோ சீழ் வந்தாலோ டாக்டர்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் சிவப்புக் கோடு போட்டிருக்கும் மருந்து, சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும் உரியது. புண் ஆறி, டாக்டர் சொன்ன நாளும் முடிந்ததும் ட்யூபைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அலமாரியில் இருந்தால் யாராவது எடுத்துப் பூசுவார்கள்.